த்ராட்டில் பாடி பேட்டைக்கு வந்த கதை

பெட்ரோல் காரில் நாம் காலால் மிதிப்பது பெட்ரோலை அல்ல, காற்றை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கேபிள் இழுபடும். கேபிளின் மறுமுனையில், ஒரு அலுமினியக் குழாய்க்குள் குறுக்கே நிற்கும் வட்டத் தகடு திரும்பி வழிவிடும். இன்ஜின் காற்றை உறிஞ்சும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்வது இசியு என்கிற கணினியின் வேலை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அந்தக் குழாயும் தகடும் சேர்ந்ததுதான் த்ராட்டில் பாடி.

சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் கம்பியில் கோத்துத் தொங்கும் த்ராட்டில் பாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: இவற்றில் பல, செய்யாத குற்றத்துக்கு வேலையை விட்டு நீக்கப்பட்டவை. அழுக்குப் படிந்தது இதன் மேல்தான். அழுக்கை அனுப்பியது வேறு ஆள். இது ஏன் என்று சொல்ல, த்ராட்டில் பாடி பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும்.

அலுமினியம் என்றதும் பாக்சைட் சுரங்கத்திலிருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் வாகன வார்ப்புகளுக்கான உலோகத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து நேராக வருவதில்லை. உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் பட்டறைகளில் அதிகம் புழங்கும் ஏடிசி 12 என்ற கலவை, பழைய அலுமினியத்தை உருக்கித்தான் பெரும்பாலும் தயாராகிறது. அதில் பத்து சதவீதத்தை ஒட்டிச் சிலிக்கானும் கொஞ்சம் செம்பும் கலந்திருக்கும். சிலிக்கான் இருப்பதால்தான் உருகிய உலோகம் அச்சின் மெல்லிய மூலைமுடுக்கு வரை ஓடி நிரம்புகிறது. தாதுவிலிருந்து புதிதாகப் பிரிக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் இருந்தால் பழசை உருக்கிவிடலாம். ஆகவே இன்று உங்கள் காரில் உட்கார்ந்திருக்கும் பாடி, போன பிறவியில் ஏதோ ஒரு ஸ்கூட்டரின் கியர் பெட்டியாக இருந்திருக்கலாம்.

அச்சில் அழுத்தி வெளியே எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நுணுக்கமெல்லாம் அதற்கு அப்புறம். குழாயின் உள்துளையைக் கடைந்து வழவழப்பாக்குவார்கள். குறுக்கே ஒரு தண்டு போகும். தண்டின் பிளவில் தகட்டைச் செருகி இரண்டு சின்னத் திருகாணிகளால் இறுக்குவார்கள். கூர்ந்து பார்த்தால் அந்தத் திருகாணிகளின் வால்முனை நசுக்கப்பட்டிருக்கும். காரணம் எளிது: ஒரு திருகாணி கழன்று உள்ளே விழுந்தால் அது போய்ச் சேரும் இடம் பிஸ்டனின் தலை. தகடும் சரியான வட்டமில்லை, ஒரு மயிரளவு நீள்வட்டம். சரியான வட்டமாக இருந்தால் முழுக்க மூடும்போது துளையில் கவ்விக்கொண்டு திறக்க மறுக்கும். அதனால் சில டிகிரி சாய்ந்த நிலையிலேயே ஓய்வெடுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, மூடிய நிலையில் எவ்வளவு காற்று கசிய வேண்டும் என்று தொழிற்சாலையில் அளந்து, ஒரு நிறுத்துத் திருகாணியை அதற்கேற்பத் திருப்பி, அதன் மேல் வண்ணப்பூச்சு அல்லது அரக்கு முத்திரை வைப்பார்கள். கேபிள் வகை பாடியில் இந்த முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் மூதாதையரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீராவி இன்ஜினிலேயே ஜேம்ஸ் வாட் இப்படியொரு திரும்பும் தகட்டைப் பயன்படுத்தினார். பெட்ரோல் கார் வந்ததும் அந்தத் தகடு கார்புரேட்டருக்குள் குடியேறியது. அம்பாசடர், பத்மினி, முதல் மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். காலையில் சோக்கை இழுத்துவிட்டு, வண்டி சூடாகும் வரை காத்திருந்த தலைமுறைக்கு அது தெரியும். மாருதிக்கான கார்புரேட்டர்களை ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கூட்டு வைத்து நம்மூர் மறைமலை நகரில்தான் யூகால் செய்துவந்தது. பிறகு டெல்லியின் புகைக்கு எதிரான வழக்கில் 1999 ஏப்ரல் இறுதியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: தலைநகர்ப் பகுதியில் அந்த ஆண்டு ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்தில் உள்ள கார்களே பதிவாக வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் கணினி சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ முறைக்கு ஓடின. கார்புரேட்டர் போயிற்று, உள்ளே இருந்த தகடு மட்டும் தனிக்குடித்தனம் வந்தது.

கேபிளும் நிரந்தரமில்லை. 1987-இல் பிஎம்டபிள்யூ தன் 12 சிலிண்டர் 7 சீரிஸ் காரில் கேபிளை எடுத்துவிட்டு மின்மோட்டாரால் தகட்டைத் திருப்பியது. இன்று புதுக் கார்களில் பெரும்பாலும் அதுதான். காலடியில் இருப்பது வெறும் சென்ஸார்; தகட்டைத் திருப்புவது கணினி. இந்தக் கட்டுரையின் நாயகன் கேபிள் வகை. 2000-களில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது என்றால் அதில் இருக்கக்கூடியது இதுதான். நாமே கை வைக்கத் தோதானதும் இதுதான்.

காருக்குள் இதன் வாழ்க்கை சலிப்பானது போலத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 3,000 லிட்டர் காற்று இந்தத் துளை வழியாகப் போக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அதே தகடு ஏறக்குறைய மூடிக்கொண்டு, விளிம்பைச் சுற்றியுள்ள மயிரிழை இடைவெளியிலும் பக்கத்தில் உள்ள ஐட்லிங் வால்வு வழியாகவும் மட்டுமே காற்றை விடுகிறது. தகட்டின் ஒரு பக்கம் சாதாரணக் காற்றழுத்தம். மறுபக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். தண்டின் ஓரத்தில் ஒரு சென்ஸார் உட்கார்ந்து, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று வோல்ட் கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட் கொடுத்தால், மூடியிருக்கும்போது அரை வோல்ட்டை ஒட்டியும் முழுக்கத் திறந்தால் நாலரையை ஒட்டியும் திருப்பித் தரும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பல பாடிகளின் அடியில் இரண்டு சின்ன ஹோஸ்கள் வந்து சேரும். அவற்றில் ஓடுவது இன்ஜின் சூட்டை வாங்கிவரும் கூலன்ட். குளிர்நாட்டில் ஈரக்காற்று தகட்டருகே குளிர்ந்து பனியாக உறைந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வெந்நீர் ஒத்தடம். டிசம்பர் இரவில் ஊட்டி ஏறுபவர் வேண்டுமானால் நன்றி சொல்லலாம். சென்னையில் அதற்கு வேலையே இல்லை, ஒழுகுவதைத் தவிர.

இப்போது குற்றப்பத்திரிகைக்கு வருவோம். வண்டி பழசாகப் பழசாக, சிலிண்டரில் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் அறைக்குள் நழுவும். முன்பு அதை அப்படியே வெளியே விட்டார்கள். மாசு விதிகள் வந்த பின், ஆயில் ஆவியோடு சேர்த்து அதை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கிறார்கள். அதற்கான குழாய்களில் ஒன்று, ஏர் ஃபில்டரைத் தாண்டி த்ராட்டில் பாடிக்கு முன்னால் வந்து சேர்கிறது. இன்ஜினை அணைத்த பிறகும் சூட்டில் ஆவி எழும்பித் தகட்டின் மேல் படியும். ஏர் ஃபில்டரை மாற்றாமல் இழுத்தடித்தால் தூசியும் சேரும். கறுப்பாக, பிசுபிசுப்பாக, தகட்டின் விளிம்பில் ஒரு வளையம் உருவாகும்.

அந்த வளையம்தான் எல்லா வம்புக்கும் மூலம். விளிம்பின் இடைவெளி அடைபடுகிறது; ஐட்லிங் காற்று குறைகிறது. இசியு புத்திசாலி. ஐட்லிங் வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டுகிறது; அந்த அளவை நினைவிலும் எழுதிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படியே ஓடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஈடுகட்டும் எல்லை முடியும் நாளில் சிக்னலில் வண்டி அணைந்துபோகும். ஏசி போட்டால் நடுங்கும். அப்போதுதான் அந்த வாக்கியம் வரும்: "த்ராட்டில் பாடி போயிடுச்சு சார், மாத்தணும்."

பல நேரம் போனது த்ராட்டில் பாடி அல்ல. தேய்ந்த ரிங், ஆயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் வழியில் அடைத்துப்போன பிசிவி வால்வு, மாற்றாத ஏர் ஃபில்டர் ஆகியவற்றின் பாவத்தை இது சுமக்கிறது. ஒரு டின் த்ராட்டில் கிளீனர், பழைய பனியன் துணி, ஒரு டூத் பிரஷ் இருந்தால் போதும். இன்ஜின் அணைந்து ஆறிய பின், ஏர் ஹோஸைக் கழற்றி, துணியில் கிளீனரை அடித்து விளிம்பைத் துடைத்தால் தீர்ந்துவிடும். சில பாடிகளின் உள்துளையில் தகடு மூடும் இடத்தில் கறுப்பான ஒரு பூச்சு இருக்கும். அது அழுக்கு அல்ல, கம்பெனியே கொடுத்த காற்றடைப்பு. அதைச் சுரண்டி எடுத்தால் நல்ல பாடியை நாமே கெடுத்ததாகும்.

துடைத்த பின் ஒரு வேடிக்கை நடக்கும். ஐட்லிங் குறையாது, ஏறிவிடும். இசியு பழைய அழுக்குக் கணக்கை நினைவில் வைத்து இன்னும் அதிகக் காற்றையே விட்டுக்கொண்டிருப்பதால் அப்படி. கொஞ்ச நேரம் ஓட விட்டால், அல்லது அந்த மாடலுக்குரிய முறையில் கற்றுக்கொள்ள வைத்தால், இறங்கிவிடும். பொறுமையில்லாதவர் இந்த இடத்தில்தான் முத்திரை வைத்த நிறுத்துத் திருகாணியில் கை வைக்கிறார். அன்றோடு அந்தப் பாடியின் கணக்கு குளறுபடி. நாளை எந்த மெக்கானிக்கும் அதை நம்ப மாட்டார்.

உண்மையிலேயே சாகும் பாடிகளும் உண்டு. தண்டு ஓடும் துளைகள் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் பக்கவாட்டில் காற்று உள்ளே புகும். எவ்வளவு துடைத்தாலும் ஐட்லிங் நிற்காது. சென்ஸாரின் தடம் தேய்ந்தால் குறிப்பிட்ட ஓரிடத்தில் வண்டி திடீரென்று தயங்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும். சில மாடல்களில் சென்ஸார் மட்டும் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் பாடியோடு சேர்த்துத்தான். கூலன்ட் பாதை அரித்துக் கசிவதும் உண்டு. இவைதான் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள்.

புதுசு வேண்டுமானால் சென்னை ஜி.பி. ரோடு. பழசு வேண்டுமானால் புதுப்பேட்டை. கோவைக்காரர்களுக்கு உக்கடம். புதுப்பேட்டையைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ஒரு முனையில் வண்டியை விட்டுவிட்டு மறுமுனைக்கு நடந்தால் அதே வண்டியின் பாகங்களை விலைக்கு வாங்கலாம். கிண்டல் இருக்கட்டும், இருபது வருடத்துக்கு முந்தைய காரின் பாகம் கம்பெனி ஸ்டாக்கில் இல்லாதபோது ஏழை எளியவரின் வண்டி ஓடுவது இந்தத் தெருக்களின் தயவில்தான். அங்கே பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, த்ராட்டில் பாடி வேணும்."

"என்ன வண்டி? எந்த வருஷம்? பழசைக் கழட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"போட்டோ இருக்குண்ணே."

"போட்டோல துளை அளவு தெரியுமா தம்பி? சாம்பிள் கொண்டாங்க."

அவர் சொல்வது நியாயம். ஒரே மாடலில் வருடம் மாறினால் ஒயரை மாட்டும் கப்ளரின் பின் எண்ணிக்கை மாறும், போல்ட் துளைகளின் தூரம் மாறும், ஐட்லிங் வால்வின் வகை மாறும். பாடியின் மேல் பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு, பழசையும் பையில் போட்டுக்கொண்டு போவதே உத்தமம். புதுசு வாங்கும் கவுண்ட்டரில் சேஸிஸ் நம்பரைக் கேட்பார்கள், ஆர்.சி. கையில் இருக்கட்டும்.

கம்பியில் தொங்குவதில் நல்லதைப் பொறுக்க, கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதைவிடப் பாடியைப் பார்ப்பது மேல். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். திரும்ப வேண்டும், ஆடக் கூடாது. தகட்டைத் திறந்து விடுங்கள். ஸ்பிரிங் 'டக்'கென்று மூட வேண்டும், பாதியில் தயங்கினால் வேண்டாம். மூடிய நிலையில் வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். விளிம்பைச் சுற்றி வெளிச்சம் மெல்லிய கோடாக ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் பிறைபோல் கொழுத்துத் தெரிந்தால் தகடு இடம் மாறியிருக்கிறது. நிறுத்துத் திருகாணியின் முத்திரை உடைந்திருந்தால் அதை யாரோ ஏற்கெனவே 'செட்டிங்' செய்து தோற்றிருக்கிறார் என்று அர்த்தம். கையோடு மல்ட்டிமீட்டர் கொண்டுபோனவர் சென்ஸாரின் பின்களில் வைத்துத் தகட்டை மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். ஓம் அளவு குதிக்காமல் சீராக மாற வேண்டும். அழுக்கைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம், அது துடைத்தால் போய்விடும்.

வாங்கியதை வீட்டில் மாட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கூலன்ட் ஹோஸில் கை வைக்கப் போகிறோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவுங்கள். கப்ளரைக் கழற்றும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் லாக் அது. ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர் வரும், கப்ளர் வராது. லாக்கை அழுத்திக்கொண்டு கப்ளரின் உடம்பைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். கேபிளை எடுக்க, அதன் சக்கரத்தைக் கையால் திருப்பித் தளர்வாக்கி, முனையிலுள்ள உலோகக் குண்டை அதன் காடியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். கூலன்ட் ஹோஸ்களைக் கழற்றியதும் வாயை மேல்நோக்கிக் கட்டி வைத்தால் கொஞ்சம்தான் சிந்தும்.

பிறகு போல்ட்டுகள். பத்து அல்லது பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் ஒத்துவரும். பாடி கையோடு வந்ததும் முதல் வேலை, இன்ஜினுக்குக் காற்று போகும், திறந்து கிடக்கும் மேனிஃபோல்டு வாயில் சுத்தமான துணியை அடைப்பது. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் செலவு பல மடங்காகிவிடும். பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் அலுமினிய முகத்தில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு வழியாகக் காற்று போகும். பேக்கிங் கண்டிப்பாகப் புதுசு. போல்ட்டுகளை முதலில் விரலால் ஏற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அலுமினிய மரை மென்மையானது. பலசாலிகள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கேபிளுக்குச் சிறு தளர்வு இருக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் தகடு முழுக்க மூடாது. யாரையாவது பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, தகடு முழுசாகத் திறக்கிறதா, விட்டால் முழுசாக மூடுகிறதா என்று இன்ஜின் ஓடாதபோதே பார்த்துவிட வேண்டும். திறந்தபடி சிக்கிக்கொள்ளும் த்ராட்டில் உயிர்ப் பிரச்னை.

அடைத்த துணியை எடுத்தோமா என்று நினைவுபடுத்திக்கொள்ள ஒரே வழி, பாடியை வைக்கும்போது துணி கையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். கூலன்ட்டை நிரப்பி, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஏசி இல்லாமல் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். முதலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி அலைந்தால் பதறாதீர்கள். புஸ்ஸென்று சத்தம் வந்தால்தான் பேக்கிங்கையோ ஏர் ஹோஸையோ பார்க்க வேண்டும். மின்மோட்டார் வகை பாடிக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அதன் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. மாட்டிய பின் பல மாடல்களில் ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். அதற்கு விவரமான மெக்கானிக் தேவை.

கழற்றிய பழைய பாடிக்கு இரண்டு வழி. தண்டு ஆடாமல் சென்ஸார் மட்டும் போயிருந்தால், அல்லது சென்ஸார் நன்றாக இருந்து தண்டு போயிருந்தால், பேட்டைக்காரர் அதை எடுத்துக்கொள்வார். இரண்டு பிணத்திலிருந்து ஒரு உயிரை எழுப்பத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதற்கும் ஆகாதென்றால் காயலான் கடை. இரும்புத் தண்டு, திருகாணி, பிளாஸ்டிக் சென்ஸார் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தால் சுத்த அலுமினிய விலை. அப்படியே கொடுத்தால் கலப்பு விலை. அங்கிருந்து உருக்காலை, மறுபடி கட்டி, மறுபடி அச்சு. 2021-இல் வாகன உடைப்பு மையங்களுக்கு மத்திய அரசு விதிகள் கொண்டுவந்த பிறகு இந்தப் பாதையின் ஒரு பகுதி பதிவுபெற்ற மையங்கள் வழியாகவும் போகத் தொடங்கியிருக்கிறது.

நீங்களே மாற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, மாற்றும் முன் துடைத்துப் பார்த்தீர்களா என்று. இரண்டு, கழற்றிய பழைய பாடி எங்கே என்று. அது உங்கள் பொருள். பில்லோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தண்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தால், கொடுத்த காசு நியாயமா என்று தெரிந்துவிடும்.